போன் விவான்: சாப்பாட்டு ராமனுக்கு நாகரிகப் பெயரா?

கேள்வி இதுதான்: ஓர் ஆங்கில இரங்கல் குறிப்பில், காலமான பேராசிரியர் ஒருவரை 'போன் விவான்' என்று எழுதியிருந்தார்களாம். அகராதியைப் புரட்டினால் 'நன்றாக உண்டு குடித்து வாழ்பவர்' என்று பொருள் போட்டிருக்கிறது. இறந்துபோன மனிதரைப் போய்த் தீனிக்காரர், குடிகாரர் என்று எழுதுவார்களா? இது பாராட்டா, மறைமுகக் குத்தலா?

பாராட்டுதான். இது பிரெஞ்சுச் சொல், பிரெஞ்சுக்காரர்கள் யாரைப் பற்றியாவது இப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். நல்ல சாப்பாடு, நல்ல ஒயின், நல்ல பேச்சு, கூட உட்கார நாலு பேர் என்று இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறவர். அந்த நிறைவைப் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றவைக்கிறவர். அவர்தான் போன் விவான். நம்மூரில் சுகவாசி என்பதோடு சிலர் இதைச் சேர்த்துப் பார்ப்பதுண்டு, ஆனால் சுகவாசி தன் சுகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு தனியாகவும் இருந்துவிடலாம். போன் விவானுக்குக் கூட்டாளிகள் வேண்டும். எழுதும்போது கடைசியில் ஒரு 'த்' வரும், பேசும்போது அது ஒலிக்காது. ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே போய்விட்டது.

அகராதி வரியில் இந்த ஆள் பிடிபட மாட்டார். அதனால் அந்தப் பெயருக்கு முழுப் பொருத்தமான ஒருவரைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

ழான் ஆந்தெல்ம் பிரியா-சவரேன் 1755இல் பிரான்சின் கிழக்கே பெல்லே என்ற சிற்றூரில் பிறந்தவர். வக்கீல் குடும்பம், அவரும் வக்கீல். 1789இல் புரட்சி வெடித்தபோது தன் பகுதியின் பிரதிநிதியாகத் தேசிய மன்றத்தில் உட்கார்ந்தார், பிறகு பெல்லேயின் மேயர் ஆனார். புரட்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஆட்களையே விழுங்க ஆரம்பித்ததும் அவர் மீதும் சந்தேகம் விழுந்தது. 1793இல் அவர் தலை கில்லட்டினுக்குப் போவதற்கும் போகாமல் இருப்பதற்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு காகிதம்: பாதுகாப்பாகப் பயணம் செய்யலாம் என்ற அனுமதிச் சீட்டு. அதைத் தர வேண்டியவர் டோல் நகரத்தில் இருந்த ப்ரோ என்ற புரட்சி அரசுப் பிரதிநிதி.

ஜுரா மலைச்சரிவில் குதிரை ஏறிப் போகிறார். அந்தப் பெண்குதிரையின் பெயர் லா ழ்வா, அதாவது மகிழ்ச்சி. காலை 11 மணிவாக்கில் மோன்-சூ-வோத்ரே என்ற கிராமத்துச் சத்திரத்தில் இறங்குகிறார். முதல் வேலையாகக் குதிரைக்குத் தீனி வைக்கச் சொல்கிறார். அப்புறம் நேராக அடுப்படிக்குப் போகிறார். அங்கே நெருப்புக்கு முன்னால் ஒரு கம்பி சுழன்றுகொண்டிருக்கிறது. அதில் வரிசையாகக் காடைகள், கொழுத்த கானாங்கோழிகள். அவற்றிலிருந்து சொட்டும் கொழுப்பைக் கீழே ஒரு பெரிய ரொட்டித் துண்டு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே வெந்து தயாராக ஓர் இளமுயல். கடவுள் நம்மை அடியோடு கைவிட்டுவிடவில்லை, போகிற வழியில் இந்தப் பூவையும் பறித்துக்கொள்வோம், சாவதற்கு எப்போது வேண்டுமானாலும் நேரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் அந்தக் கறி அவருக்கில்லை. சத்திரக்காரர் அவருக்குச் சொன்ன பட்டியல் வேறு: வேகவைத்த மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு சூப், ஆட்டின் தோள்பட்டைக் கறி, அவரை. கம்பியில் சுழல்வது, ஒரு வழக்குக்காகச் சில நாளாக அங்கே தங்கி வேலை பார்த்து முடித்திருந்த சட்டக்காரர்கள் சிலருக்கு. இந்த இடத்தில் வெறும் தீனிக்காரராக இருந்தால் கூடுதல் காசு கொடுத்து ஒரு காடையைத் தன் தட்டுக்குத் தள்ளப் பார்த்திருப்பார். பிரியா-சவரேன் சத்திரக்காரரைத் தூது அனுப்புகிறார்: பயணி ஒருவர் உங்கள் பந்தியில் உட்கார ஆசைப்படுகிறார், தன் பங்குப் பணத்தைத் தந்துவிடுவார், உங்களுக்குக் கடமைப்பட்டவராகவும் இருப்பார். கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். மணிக்கணக்கில் சாப்பாடு, ஒயின், கதை, பாட்டு. அவரும் அங்கேயே கட்டிய பாட்டொன்றைப் பாடினார். தன் தலைக்கு மேல் தொங்கியதைப் பற்றி அந்த மேஜையில் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

அன்று மாலை டோலில் ப்ரோ முகம் கொடுக்கவில்லை. கைதாகிவிடுவோம் என்றே பட்டிருக்கிறது. காப்பாற்றியது ப்ரோவின் மனைவி. அவருக்குச் சங்கீதப் பைத்தியம். பிரியா-சவரேன் வயலின் வாசிப்பார், பாடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் இரவு வெகுநேரம்வரை சேர்ந்து பாடினார்கள். உங்களைப் போலக் கலையை வளர்ப்பவர் நாட்டுக்குத் துரோகம் செய்ய மாட்டார், நீங்கள் கேட்டது கிடைக்கும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை கையெழுத்தும் முத்திரையுமாகச் சீட்டு வந்து சேர்ந்தது.

எத்தனை அகராதி இருந்தாலும் போன் விவான் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது இந்த ஒரு நாள்தான். அந்த மனிதருக்குப் பசி இருந்தது, ருசி தெரிந்திருந்தது, பயமும் இருந்தது. பயம் மற்ற இரண்டையும் தின்றுவிட அவர் விடவில்லை. அதோடு, அவர் ஆசைப்பட்டது கம்பியில் இருந்த கறிக்கு மட்டுமில்லை, அந்தப் பந்திக்கும்தான்.

அதற்கப்புறமும் அவர் பாடு சுலபமாக இல்லை. சீட்டு இருந்தும் நாட்டைவிட்டு ஓட வேண்டிவந்தது. சுவிட்சர்லாந்து, பிறகு அமெரிக்கா. பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தும், நியூயார்க் நாடக அரங்கில் வயலின் வாசித்தும் வயிற்றைக் கழுவினார். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்ட் பக்கத்தில் காட்டு வான்கோழி ஒன்றைச் சுட்டு வீழ்த்தி, தானே சமைத்து நண்பர்களுக்கு விருந்து வைத்ததைப் பெருமையோடு எழுதியிருக்கிறார். பிரான்ஸ் திரும்பிய பிறகு நாட்டின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாகி, சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். சுவையைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1825 டிசம்பரில், ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது. இரண்டே மாதத்தில், 1826 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். நீ என்ன சாப்பிடுகிறாய் என்று சொல், நீ யார் என்று சொல்கிறேன் என்பது அதில் வரும் வாக்கியம்தான். உலகமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வது அதே பக்கத்தில் இருக்கும் வேறு இரண்டு வாக்கியங்கள். அஜீரணம் வரும்வரை தின்கிறவருக்கும் போதை ஏறும்வரை குடிக்கிறவருக்கும் தின்னவும் தெரியாது, குடிக்கவும் தெரியாது என்பது ஒன்று. ஒருவரை விருந்துக்கு அழைத்தால், அவர் நம் கூரைக்குக் கீழே இருக்கிற நேரம் முழுவதும் அவருடைய சந்தோஷத்துக்கு நாம் பொறுப்பு என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கடைப்பிடிக்கிறவரைத்தான் பிரெஞ்சு சமூகம் மதிப்போடு போன் விவான் என்கிறது.

அந்தக் காலத்திலேயே இதைக் கூத்தாக்கியவர்களும் இருந்தார்கள். பாரிஸில் வரி வசூல் குத்தகையில் கொழித்த குடும்பத்தில் பிறந்த க்ரிமோ த லா ரெய்னியேர் 1783இல் ஒரு விருந்துக்குச் சாவு ஓலை மாதிரி அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பினார். விருந்து நடந்த இடத்தில் சவப்பெட்டி மேடையும் வைத்தார். ஊரே அதைப் பற்றிப் பேசியது. பின்னாளில், 1803 முதல் 1812 வரை, பாரிஸின் கடைகளையும் உணவு விடுதிகளையும் எடைபோடும் ஆண்டு மலர்களை வெளியிட்டார். உணவு விமர்சனம் என்ற தொழிலே அங்கிருந்துதான் வளர்ந்தது. கெட்டிக்காரர், ஆனால் அவர் விருந்துகளில் விருந்தாளியைவிட விருந்து கொடுப்பவர்தான் அதிகம் தெரிகிறார். பிரியா-சவரேன் மேஜையில் உட்காரத்தான் எனக்குப் பிடிக்கும்.

இந்தச் சொல்லுக்கு அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் சில உண்டு. வேகமாகப் பார்த்துவிடலாம். 'குர்மே' என்பவர் நாக்கில் வல்லவர். எது எந்த ஊர், எது நல்லது என்று சொல்லத் தெரிந்தவர். பழைய காலத்தில் ஒயின் வியாபாரத்தில் இருந்த ஆட்களுக்கு வழங்கிய பெயர் அது. 'குர்மான்' சாப்பாட்டுப் பிரியர். முன்பு வசவாக இருந்து இப்போது செல்லப் பெயராகிவிட்டது. ஆனால் அவருடைய குணத்துக்குப் பெயரான 'குர்மாந்தீஸ்' கத்தோலிக்கத் திருச்சபையின் ஏழு பெரும்பாவங்களில் ஒன்றாக பிரெஞ்சில் இன்னமும் நிற்கிறது. பாரிஸின் புகழ்பெற்ற ரொட்டிக்காரர் லியோனல் புவாலான், அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் பெருந்தீனியைக் குறிக்கும் வேறு சொல்லைப் போடுங்கள் என்று போப்புக்கே ஒரு விண்ணப்பம் தயாரித்தார். 2002இல் ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்துவிட, மற்றவர்கள் அதை எடுத்துப் போனார்கள். ரொட்டி சுடுகிற ஒருவர் ஒரு சொல்லுக்காக ரோம்வரை போக நினைத்தார் என்றால், அந்த நாட்டில் இந்தப் பாகுபாடு எவ்வளவு முக்கியம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சொல் 'எபிக்யூரியன்'. பிரெஞ்சுப் பேச்சில் போன் விவானுக்குப் பதிலாகவே இதைப் பயன்படுத்துவார்கள். இதில் ஏதென்ஸ் நகரத்துத் தத்துவ ஞானி எபிக்யூரஸுக்குக் கொஞ்சம் அநியாயம் நடந்திருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் தோட்டத்தில் நண்பர்களோடு வாழ்ந்த அவர், ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர். ஒரு குடுவைப் பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது விருந்து கொண்டாடிக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதியவர். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் போன் விவானுக்கு முன்னோடிதான்: என்ன சாப்பிடப் போகிறோம் என்று பார்ப்பதற்கு முன்னால் யாரோடு சாப்பிடப் போகிறோம் என்று பார் என்று அவர் சொன்னதாக ரோமானியத் தத்துவ ஞானி செனகா எழுதிவைத்திருக்கிறார்.

சரி, இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வரலாம். அதற்கு லியோன் நகரத்துக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் க்ருவா-ரூஸ் குன்றின் மேல் பட்டுத் தறி நெய்தவர்களைக் 'கனூ' என்பார்கள். கூலி போதாமல் 1831லும் 1834லும் கிளர்ந்தெழுந்து ராணுவத்தைச் சந்தித்தவர்கள். விடிவதற்கு முன்பே தறியில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, காலை 9 மணிவாக்கில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் கூடுவார்கள். அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு 'மாஷோன்' என்று பெயர். அந்தக் கடைகளுக்குப் 'பூஷோன்' என்று பெயர். இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

மாஷோன் மேஜையில் இருப்பது என்ன? பெரும்பாலும் பணக்காரர் வீட்டில் எடுக்காத கறி: குடல், கால், தலை, பன்றித்தோல். வேகவைத்த குடலை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த ஒரு பண்டத்துக்குப் பெயர் 'தப்லியே த சப்பர்', அதாவது ராணுவச் சுரங்க வீரரின் தோல் முன்கச்சை. பார்க்க அதே மாதிரி தட்டையாக, அகலமாக இருக்கும். இளம் பாலாடைக்கட்டியில் சின்ன வெங்காயம், பச்சை இலைகள், வினிகர், எண்ணெய் போட்டு அடித்துக் கலந்தால் 'செர்வெல் த கனூ', நெசவாளி மூளை. கறி வாங்க முடியாத நாளில் அதுதான் துணை. ஒயின் வருவது அடி கனத்த கண்ணாடிக் குப்பியில். 46 சென்டிலிட்டர்தான் கொள்ளும், லேபிள் கிடையாது, பக்கத்து போஜொலே மலைச்சரிவிலிருந்து வருவது. ஒரே மேஜையில் முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். ரொட்டிக் கூடை கை மாறும். இன்று பூஷோனுக்குச் சுற்றுலாப் பயணிகள் நிறைய வருகிறார்கள், விலையும் ஏறிவிட்டது. ஆனாலும் காலை மாஷோனுக்கென்றே கூடும் உள்ளூர்ச் சங்கங்கள் இருக்கின்றன. அந்த ஊரில் போன் விவான் என்ற பெயர் எடுக்க நிலபுலன் தேவைப்பட்டதே இல்லை.

இசையமைப்பாளர் ரொசீனியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சொல்லுக்கு உதாரணம் கேட்டால் முதலில் வரும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. மாட்டிறைச்சித் துண்டின் மேல் வாத்து ஈரலும் கரும் ட்ரஃபிள் காளானும் வைத்த பண்டம் இன்றும் அவர் பெயரில்தான் விற்கிறது. 1829இல், 37 வயதில், புகழின் உச்சியில் ஓபரா எழுதுவதை நிறுத்தினார். சாப்பிட்டு அனுபவிக்கத்தான் ஓய்வெடுத்தார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். உண்மையில் அதன் பிறகு நீண்ட காலம் உடல் நோயும் கடுமையான மனச்சோர்வும் அவரை வாட்டின. 1855இல் மனைவி ஒலம்ப் அவரைப் பாரிசுக்கு அழைத்துவந்த பிறகுதான் தேறினார். 1858 முதல் சனிக்கிழமை தோறும் அவர்கள் வீட்டில் விருந்தும் இசையும். இசையமைப்பாளர்கள் லிஸ்ட், சேன்-சான்ஸ், வெர்டி எல்லாரும் வந்தார்கள். ரொசீனி மறுபடி எழுத ஆரம்பித்தார், பெரும்பாலும் அந்தக் கூடத்தில் வாசிப்பதற்காகச் சின்னச் சின்னப் பியானோத் துண்டுகள். அவற்றுக்குக் 'கிழவயதுப் பாவங்கள்' என்று பெயர் வைத்தார். அதில் நான்கு துண்டுகளின் பெயர் முள்ளங்கி, நெத்திலி, ஊறுகாய் வெள்ளரி, வெண்ணெய். இன்னும் நான்கு: உலர்ந்த அத்தி, பாதாம், உலர்ந்த திராட்சை, ஹேசல் பருப்பு. போன் விவான் என்றால் பிறவியிலேயே கவலை தெரியாதவர் என்று நினைப்பவர்களுக்கு நான் ரொசீனியைத்தான் காட்டுவேன். இருட்டில் இத்தனை ஆண்டு கிடந்த ஒருவர் வாழ்க்கையிடம் திரும்பி வந்த வழி அந்தச் சனிக்கிழமை மேஜை.

இப்போது இந்தச் சொல்லின் கறுப்புப் பக்கம். ஒருவருடைய குடியை மூடிமறைக்கவும் இதைப் போர்த்துவதுண்டு, இரங்கல் குறிப்புகளில் குறிப்பாக. ஒயினையே நாகரிகம் என்று கொண்டாடிய நாட்டில் அதற்குக் கொடுத்த விலையும் பெரியது. 1956 வரை பள்ளிச் சாப்பாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கே ஒயின் ஊற்றினார்கள். அந்த ஆண்டுதான் 14 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை வந்தது. 1991இல் வந்த எவேன் சட்டம் மது விளம்பரத்துக்குக் கடிவாளம் போட்டது. 1960களில் ஒருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த நாட்டில் இன்று அதில் பாதிகூட இல்லை. குறைந்தது நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. குறைத்த பிறகும் மேஜை காலியாகவில்லை.

அதற்கு அடையாளம் நிறைய. பிரெஞ்சுக்காரரின் விருந்துச் சாப்பாட்டை 2010இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குறிப்பிட்ட எந்தப் பண்டத்தையும் அது சேர்க்கவில்லை, கூடிச் சாப்பிடும் வழக்கத்தைத்தான் சேர்த்தது: முன்னருந்தும் பானத்தில் தொடங்கி, முதல் தட்டு, மீனோ கறியோ காய்கறியோடு, பாலாடைக்கட்டி, இனிப்பு என்று குறைந்தது நான்கு சுற்று, நடுவில் நிறையப் பேச்சு. வேலை செய்யும் இடத்திலேயே தொழிலாளர்கள் சாப்பிடுவதைத் தொழிலாளர் சட்டமே தடுத்துவைத்திருந்தது. கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில், அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டிவந்தபோது அது அங்கே பெரிய செய்தியானது.

அந்தப் பேராசிரியர் பற்றிய குறிப்பை எப்படிப் படிப்பது? சுற்றியிருக்கும் வரிகளைப் பாருங்கள். அவர் வீட்டு விருந்துகள், நண்பர்கள், சிரிப்பு, அவர் சொன்ன கதைகள் என்று வந்தால் அது சுத்தமான பாராட்டு. சொல் மட்டும் தனியாக நின்று, உடல்நலம் பற்றிய வரி ஒன்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், எழுதியவர் எதையோ மென்று விழுங்கியிருக்கிறார் என்று கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'போன் விவர்' என்றும் பார்ப்பீர்கள். அது ஆங்கிலேயர்கள் தாங்களே ஒட்டுப்போட்ட பிரெஞ்சு. பிரெஞ்சில் 'விவர்' என்று தனியாகச் சொன்னால் காசையும் உடம்பையும் கரைக்கிற உல்லாசி. அங்கே அது நல்ல பெயர் இல்லை.

கடைசியாக, இதுவரை சொன்ன பெயர்களில் எத்தனை பெண்கள் என்று கவனித்திருப்பீர்கள். அடுப்படியில் அவர்களை வைத்துக்கொண்டு மேஜையில் இடம் தராத காலம் ரொம்ப நீண்டது. பாரிஸில் 1912இல் தொடங்கிய புகழ்பெற்ற உணவுப் பிரியர் சங்கமான 'நூறு பேர் மன்றம்' ஆண்களுக்கு மட்டுமே. அதே காலத்து லியோனில், பண்ணை வேலைக்காரியாக வளர்ந்த யூஜெனி ப்ரஸியே 1921இல் சொந்த உணவு விடுதி திறந்து, பிறகு இன்னொன்றும் திறந்து, உணவு விடுதிகளைத் தரம் பிரிக்கும் மிஷ்லேன் நட்சத்திரம் 1933இல் இரண்டுக்கும் சேர்த்து ஆறு வாங்கினார். பால் பொக்யூஸ் போன்ற புகழ்பெற்ற சமையற்காரர்கள் அவர் அடுப்படியில் தொழில் கற்றவர்கள். மேஜையில் உட்கார்ந்து ரசித்து அதை எழுத்திலும் வைத்த பெண் என்றால் பர்கண்டிப் பகுதியில் பிறந்த எழுத்தாளர் கொலெத். மூன்று வயதில் அப்பா கொடுத்த ஒரு சின்னக் கிண்ணம் ஃப்ரோந்தின்யான் மஸ்கட் ஒயினைப் பற்றி ஆயுசு முழுக்க மறக்காமல் எழுதினார். அவருக்குப் பொருந்தும் பெண்பால் வடிவம் 'போன் விவான்த்'. இதில் அந்த 'த்' காதில் விழும். இன்று பிரான்சில் பெண்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.